மஃப்ளர்

மார்கழி ஐந்தாம் தேதி,
திருத்துறைப்பூண்டி வேதை ரோட்டு வளைவில் நிற்கும்
ஃபைபர் போலீஸ்காரருக்கு
யாரோ மஃப்ளர் கட்டிவிட்டிருந்தார்கள்.
காப்பிக்கொட்டை நிறம். ஓரத்தில் நூல் பிரிந்தது.

நான்தான் முதலில் பார்த்தேன்.
இந்த ஊரில் எதையும் முதலில் பார்ப்பது நான்தான்:
கொள்ளிடத்திலிருந்து குழாயில் வந்துசேரும் தண்ணீரைத்
தெருத்தெருவாகத் திறந்துவிடுகிற வேலை.
தோளில் இரும்புச் சாவி, என் இடுப்பு உயரம்.
பனியில் கைவைக்க முடியாமல் சில்லிட்டுப்போகும்,
அதனால் பிடிக்கு
என் மகனின் பழைய சாக்ஸ் ஒன்றை மாட்டியிருக்கிறேன்.

சம்பா பால்பிடிக்கும் இந்த நாட்களில்
வயலிலிருந்து கிளம்புகிற மூட்டம்
ரயிலடிவரை வந்து உட்கார்ந்துகொள்ளும்.
ஊருக்கும் மறை கொஞ்சம் கழன்றுவிடும்.

கோயில் ஒலிபெருக்கியில் பென் டிரைவ் மாறிப்போய்
விடியற்காலை நாலரைக்கு
விதைநெல் விளம்பரம் நாற்பது நிமிடம் ஓடியது.
யாரும் போய் நிறுத்தவில்லை.
செல்லாயி அதற்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ரயிலடி ஏடிஎம்முக்குள் ஒரு மாடு படுக்கிறது.
கண்ணாடியில் யாரோ ஒட்டிய தாள்:
'மாடு எழுந்தபின் பனம் எடுக்கவும்.'
பனத்தில் இருந்த ரெண்டு சுழியை
இன்னொருவர் சிவப்பு மையால் மூன்றாக்கியிருக்கிறார்.
மாட்டைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

தையல்நாயகி கோலத்துப் பரங்கிப்பூவை
மூன்று நாள் ஓர் ஆடு வந்து தின்றது.
நாலாம் நாள் சாணி உருண்டையில்
பூவோடு பச்சைமிளகாயும் செருகிவைத்தாள்.
ஆடு அதையும் தின்றுவிட்டு
அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றதாம்.
'இன்னும் இருக்கான்னு கேக்குது அக்கா.'

மஃப்ளரை ஏட்டு பக்கிரிசாமி அவிழ்த்துப் போனார்.
மறுநாள் குரங்குக்குல்லா.
அதையும் கழற்றினார்.
அதற்கும் மறுநாள் மஃப்ளர், குல்லா இரண்டும்,
நில் என்று நீட்டிய ஃபைபர் கையில்
ஆவி பறக்க ஒரு காகிதக் கோப்பை.

ஹாஜா மைதீன் மோந்து பார்த்துச் சொன்னார்:
'டீ நம்ம கடைது. வச்சது நானில்ல.'

ஏட்டு விசாரித்தார்.
கடைக்கடையாக, நோட்டும் பேனாவுமாக.
என்ன குற்றம் என்று எழுதும் இடத்தில்
'அரசாங்கச் சொத்தைக் குளிரவிடாமல் தடுத்தது'
என எழுதி, பிறகு அடித்துவிட்டாராம்.

இதில் ஒன்று சொல்ல வேண்டும்.
மூன்று வருடமாக அந்தப் பொம்மைக்கு
எந்த உப்பு லாரியும் பிரேக் போட்டதில்லை.
இப்போது போடுகிறார்கள்.
குளிர்கிற ஆள் என்றால் நிஜ ஆள்தானே.

இருபத்திரண்டாம் தேதி
எதிரில் வருகிற நாய் தெரியாத பனி.
வளைவுக்கு முந்தின வால்வில் குனிந்திருந்தேன்.
செருமல் சத்தம் கேட்டது.
தன் கைக்குட்டையால்
ஃபைபர் முகத்தில் கோத்திருந்த பனிநீரைத் துடைத்து,
மஃப்ளரை இரண்டு சுற்றுச் சுற்றி
நுனியை உள்ளே செருகி,
டீயை ஊதி ஒரு வாய் குடித்துப் பார்த்து
மீதியை அந்தக் கையில் வைத்தார் ஏட்டு.
அவர் காதில் ஒன்றுமில்லை.

அவர் திரும்பினார்.
நான் சாவியைத் திருகினேன்.
தண்ணீர் மண்ணுக்குள் உறுமிக்கொண்டு ஓடியது.

அன்றைக்கு போலீஸ் லைனுக்கு
பத்து நிமிடம் கூடுதலாக விட்டேன்.
குழாயடியில் கேட்டார்கள், என்ன விசேஷம் என்று.

'பனி' என்றேன்.
'வால்வு இறுகிக்கிச்சு.'